பை வாங்குவது கடைசி வேலை

மணாலியிலிருந்து லே வரை சுமார் 430 கிலோமீட்டர். ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் கிளம்பும் சாலை பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுலுங் லா என்று ஒவ்வொரு கணவாயாக ஏறி இறங்கும். 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் தங்லங் லாவைக் கடந்து, 3,500 மீட்டரில் உள்ள லேயில் போய்ச் சேரும். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் திறந்ததிலிருந்து ரோதாங் கணவாயின் சேற்றில் சிக்காமல் போய்விடலாம். சுரங்கத்துக்கு அப்பால் இருப்பவை அவ்வளவாக மாறவில்லை. கேட்டா வளைவுகள் 21, பனி உருகி மதியத்துக்கு மேல் பெருகும் நாலாக்கள் என்ற ஓடைகள், மோரே சமவெளியின் பொடிப் புழுதி, திடீரென்று முடிந்துபோகும் தார். வண்டியில் கட்டிய பைக்கு வரக்கூடிய சோதனைகள் எல்லாம் இரண்டு மூன்று நாளுக்குள் இங்கே வந்துவிடும். நீண்ட பயணத்துக்கு சாஃப்ட் லக்கேஜ் தேர்ந்தெடுக்கும் முறையை இந்தச் சாலையை மனத்தில் வைத்தே சொல்கிறேன். வண்டி, தமிழ்நாட்டிலிருந்து லடாக் போகும் பலரும் எடுத்துச் செல்லும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் என்று வைத்துக்கொள்வோம்.

அலுமினியப் பெட்டி வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெட்டி பூட்டிக்கொள்ளும், மழை புகாது, நகரத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போக நிம்மதி. ஆனால் இரண்டு பெட்டியும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால், உள்ளே ஒரு சாமானும் வைப்பதற்கு முன்பே பதினைந்து கிலோவைத் தொட்டுவிடும். துணியாலான பைகள் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கால். கற்பாதையில் மெதுவாகப் போகும்போது வண்டி சாய்ந்தால், ஊன்றிய கால் பின்னால் இழுபட்டுப் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டும். கணுக்கால் முறிவு இப்படித்தான் நேர்கிறது. துணிப் பை அந்த இடத்தில் நசுங்கிக் கொடுக்கும். வழியெல்லாம் நல்ல நெடுஞ்சாலையாக இருந்தால் பெட்டியை எடுங்கள், தவறில்லை. மணாலிக்கு அப்பால் போவதாக இருந்தால் பைதான்.

பெரும்பாலோர் முதலில் பையை வாங்கிவிட்டுப் பிறகு அதை நிரப்புகிறார்கள். எழுபது லிட்டர் பை வீட்டுக்கு வந்தால் எழுபது லிட்டர் சாமான் எங்கிருந்தாவது சேர்ந்துவிடும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். சாமான் முதலில், அப்புறம் எடை, அப்புறம் வண்டி. பையை எப்படிக் கட்டுவது, எந்தத் துணி, தண்ணீரை எப்படித் தடுப்பது என்பதெல்லாம் அதற்கும் பிறகு. கடைக்குப் போவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஒரு சாயங்காலம் ஒதுக்கி, எடுத்துப் போகப் போவதை எல்லாம் தரையில் பரப்புங்கள். நினைவிலிருந்து பட்டியல் எழுதினால் போதாது, பொருளையே வைக்க வேண்டும். ட்யூப், காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் சாமான், ஸ்பேனர்கள், கிளட்ச் கேபிள், செயின் எண்ணெய் ஆகியவை சேர்ந்து நான்கு கிலோ வரும். மாற்றுத்துணி, குளிருக்கான உடை, மழைக்கோட்டு ஏழு எட்டு கிலோ. தூங்கும் பை ஒன்றரை. தண்ணீர் இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. இதோடு பெட்ரோல். வழியில் உள்ள டான்டி ஊரின் பங்கில் வைத்திருந்த ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகை வண்டிக்காரர்கள் மத்தியில் பேர் போனது. பழைய 411 சிசி ஹிமாலயனில் டேங்க் 15 லிட்டர், இப்போதைய 450-இல் 17. சமவெளிக் கணக்கில் இது தாராளம். முதல் கியரில் ஏறும் மேட்டிலும் சுமையிலும் மைலேஜ் குறையும்; வழி தவறித் திரும்பவும் நேரலாம். ஐந்து லிட்டர் கூடுதலாகக் கொண்டுபோவது நல்லது. அது ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ.

ஒவ்வொரு குவியலையும் சூட்கேஸ் எடை பார்க்கும் கைத்தராசில் தூக்கிப் பாருங்கள். தனியாகப் போகிறவருக்கு பெட்ரோல், தண்ணீர் உட்பட இருபது கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. இருபத்தைந்தைத் தாண்டினால் ஜீன்ஸைத்தான் முதலில் எடுப்பேன். கனமானது, நனைந்தால் காயாது, குளிரும் தாங்காது. கம்பளி உள்ளாடையும் மெல்லிய ஃப்ளீஸும் அந்த எடையில் பாதிதான். இரண்டாவது ஜோடி ஷூவும் வேண்டாம். கருவிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எடை முடிந்ததும் கன அளவு. வீட்டில் இருக்கும் 50 லிட்டர் குப்பைப் பையில் பரப்பியதை எல்லாம் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டுங்கள். ஒரு பை நிறைந்து கொஞ்சம் மிஞ்சினால் உங்களுக்குத் தேவை ஐம்பதிலிருந்து அறுபது லிட்டர். அதற்கு மேல் ஒரு பத்து லிட்டரை வழியில் வாங்கும் பிஸ்கட்டுக்கும் கழற்றும் ஜாக்கெட்டுக்கும் காலியாக விடுங்கள். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் கடையில் கேட்க வேண்டிய எண்.

இனி வண்டி. ஹிமாலயனை நடு ஸ்டாண்டிலோ ஜாக்கியிலோ நிறுத்தி, ஒரு டேப்போடு சுற்றி வாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது சைலன்சர். கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் சைலன்சர் தாழ்வாக ஓடும். பை அதற்கு மேலே எட்டத்தில் நின்றுவிடும். ஹிமாலயனில் அது வலது பக்கம் மேல்நோக்கி எழும்புகிறது, இருக்கையின் இரு பக்கமும் தொங்கும் சேடில் பேக் வர வேண்டிய அதே இடத்தில். சாஃப்ட் லக்கேஜ் பாழாவதற்கு மழையைவிடச் சூடே பெரிய காரணம். என்ஜினை ஒட்டிய வளைகுழாய் 300 டிகிரிக்கும் மேல் சூடேறும். பின்னால் இருக்கும் மஃப்ளர் அவ்வளவு இல்லை, ஆனாலும் துணியை இளக்க அது போதும். நைலான் 6,6 இழை உருகுவது 260 டிகிரி சுற்றுவட்டத்தில் என்றாலும், அதன் உள்பூச்சு அதற்கு வெகுமுன்பே கெட்டுவிடும். தார்ப்பாய் வகை பி.வி.சி. நூறு டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கும்.

வேகமாக ஓடும்போது காற்று சைலன்சரைக் குளிர்விக்கிறது. கேட்டா வளைவுகளில் முதல் கியரில் மணிக்கு பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஏறும்போது அந்தக் காற்று இல்லை. ஆகவே ஊரில் ஓட்டிப் பார்த்து “ஒட்டவில்லை, சுடவில்லை” என்று முடிவு கட்டிவிட முடியாது. வண்டியில் ஆள் உட்கார்ந்து, பின்சக்கரம் மேலே அமுங்கிய நிலையில், பையின் அடிக்கும் சைலன்சருக்கும் இடையே குறைந்தது நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். சைலன்சரின் வாயிலிருந்து வரும் புகை பையின் பின்மூலையில் படுகிறதா என்பதையும் கை வைத்துப் பாருங்கள். இடைவெளி குறைவு என்றால் அலுமினியத் தகட்டிலான வெப்பத் தடுப்பை சைலன்சரின் மேல் பூட்டலாம். தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவில் காற்றோட இடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். துணியிலேயே தைத்து வரும் வெப்பத் துண்டை நம்பி இடைவெளியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது சேடில் ஸ்டே. இருக்கையின் மேல் குறுக்காகப் போட்டு இரு பக்கமும் தொங்கவிடும் பைகள் சமதளத்தில் சாதுவாக இருக்கும். பள்ளத்தில் உள்பக்கம் ஊசலாடும். ஹிமாலயனின் பின்சக்கரம் 411-இல் 180 மில்லிமீட்டரும் 450-இல் 200 மில்லிமீட்டரும் மேலே ஏறி இறங்கும். ஊசலாடும் பையின் மூலை சக்கரத்தில் உரசினால் துணி அரைபட்டுப் போகும். பட்டி சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஸ்டே என்ற வளைந்த இரும்புக் குழாய்ச் சட்டம் வைத்துவிட்டால் பை உள்ளே போக வழியில்லை. இது ரெடிமேடாகவும் கிடைக்கிறது. நல்ல வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்தும் செய்யலாம். மரையாணிகள் வண்டியின் சட்டத்திலேயே ஏற்கெனவே இருக்கும் துளைகளில் பூட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் சட்டத்தில் புதிதாகப் பற்றவைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கூடவே மூன்று சின்னச் சோதனைகள். ஒரு தலையணையைச் சேடில் பேக் வர வேண்டிய இடத்தில் கட்டி, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று பாருங்கள். கெண்டைக்காலில் இடித்தால் பையை இன்னும் பின்னால் தள்ள வேண்டும். உட்கார்ந்தபடி காலால் உந்தி வண்டியைப் பின்னுக்கு நகர்த்துங்கள். குதிகால் பையில் மாட்டக் கூடாது. சைடு ஸ்டாண்டு போட்டுப் பாருங்கள். பின்பக்கம் சுமையில் தாழ்ந்தால் வண்டி வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும், ஒரு காற்றுக்கு வலது பக்கம் சாய்ந்துவிடும். பின்சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் இறுக்கத்தை ஒன்றிரண்டு படி கூட்டினால் இது பெரும்பாலும் சரியாகும். இண்டிகேட்டர், பின்விளக்கு, நம்பர் பிளேட் மறையக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த அளவுகள் கையில் இருந்தால் எந்த வகைப் பை என்பது தானாகவே தெளிவாகும். இருக்கையின் மேல் தொங்கும் சேடில் பேக் ஜோடி; பின்னால் கேரியரில் நீளவாக்கில் கட்டும் டெயில் பேக்; டேங்க்கின் மேல் உட்காரும் டேங்க் பேக்; சட்டமே தேவையில்லாமல் குதிரை லாட வடிவில் இருக்கையைச் சுற்றிக்கொள்ளும் பை. லாட வடிவப் பை எடை குறைந்த ஆஃப்ரோடு வண்டிகளுக்கு அருமையானது. அமெரிக்காவின் ஜயன்ட் லூப் இந்த வடிவத்துக்குப் பேர் போனது. ஆனால் உயர்ந்த சைலன்சர் உள்ள வண்டிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், கொள்ளளவும் போதாது. தனியாகப் போகும் ஹிமாலயன்காரருக்கு என் தேர்வு, ஸ்டேயில் கட்டிய சேடில் பேக் ஜோடியும் ஒரு சின்ன டெயில் பேக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் டெயில் பேக் கேரியரின் மேலேயே நிற்கும்படி இன்னும் சிறியதாக வேண்டும்.

எடை எங்கே உட்காருகிறது என்பதில் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பால்காரர் கேன்களை வண்டியின் இரு பக்கமும் தாழ்வாக, கால் பக்கத்தை ஒட்டித் தொங்கவிட்டிருப்பாரே, சரியான இடம் அதுதான். பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோலாக முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஹேண்டில் லேசாகிவிடும்; சரளையில் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. கருவி, ட்யூப், தண்ணீர் எல்லாம் சேடில் பேக்கின் அடியில், முன்மூலையில் போகட்டும். டெயில் பேக்கில் தூங்கும் பையும் குளிருடையும் போதும். கேரியர் தாங்கும் எடை கையேட்டில் அச்சிட்டிருக்கும். அதைப் படியுங்கள், பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். 411-இல் டேங்க்கின் இரு பக்கமும் உள்ள முன்சட்டங்களில் பெட்ரோல் கேனைக் கட்டலாம். எந்தப் பையானாலும் பெட்ரோல் அதன் உள்ளே போகக் கூடாது. கசிந்தால் பையில் உள்ள எல்லாத் துணியும் நாறும், தீ ஆபத்து வேறு.

இடம் வலம் சமமாக இருக்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது. சைலன்சர் பக்கத்துப் பை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து மற்றதைவிடச் சில அங்குலம் வெளியே தள்ளி நிற்கும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தள்ளி நிற்கும் எடை அதிகமாக இழுக்கும். எனவே ஹிமாலயனில் வலது பைக்கு ஒரு கிலோ குறைவாகவே வையுங்கள்.

டேங்க் பேக் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அலைபேசி, ஆவணங்கள், மருந்து, உதட்டுக்குத் தடவும் களிம்பு ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐந்து லிட்டருக்கு மேல் வேண்டாம். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹார்ன் பட்டனைப் பை அழுத்துகிறதா என்று பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் வகை இரும்பு டேங்க்குக்கு மட்டுமே ஆகும். அதன் அடியில் புழுதி புகுந்தால் டேங்க்கின் பெயின்ட் போய்விடும்.

துணியைப் பற்றிக் கடையில் ஒரு எண் சொல்வார்கள்: 600 டினியர், 1000 டினியர், 1680 டினியர். ஒன்பதாயிரம் மீட்டர் நீள நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அது அதன் டினியர். நூலின் பருமனைச் சொல்லும் எண் அது. துணியின் வலுவைச் சொல்வதல்ல. எந்த இழை, எவ்வளவு நெருக்கமான நெசவு, உள்ளே என்ன பூச்சு என்பவையும் சேர்ந்தே வலுவைத் தீர்மானிக்கும். 1000 டினியர் நைலான் 6,6 துணி, 1680 டினியர் பாலியெஸ்டரைவிட உரசலைத் தாங்குவது சாதாரணம். கோர்டுரா என்பது டூபான்ட் நிறுவனத்தில் பிறந்த வணிகப் பெயர். அந்தப் பெயரின் துணியில் பல தடிமன்கள் உண்டு, ஆகவே பெயரைக் கேட்டதும் திருப்தி அடையாமல் எண்ணையும் கேளுங்கள். பாலியெஸ்டரை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். வெயிலில் அது நைலானைவிட நீண்ட நாள் நிறமும் வலுவும் காக்கும்.

துணியைவிட அதன் பூச்சுதான் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்களைக் கவலைப்படுத்த வேண்டும். பல பைகளின் உட்புறத்தில் பாலியுரேத்தேன் பூச்சு இருக்கும். ஈரமும் சூடும் சேர்ந்த காற்றில் அது ஆண்டுகள் போகப் போகப் பிசுபிசுத்து, பொருக்குப் பொருக்காக உரியும். பையைப் பரணில் மடித்துப் போட்டுவிட்டு அடுத்த பயணத்துக்கு எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். கடையில் உட்புறத்தை வெளியே திருப்பி விரலால் தேயுங்கள். இப்போதே ஒட்டினால் அது கடையிலேயே பழசாகிவிட்ட பை. டி.பி.யு. (தெர்மோபிளாஸ்டிக் பாலியுரேத்தேன்) படலம் ஒட்டிய துணி இந்த விஷயத்தில் மேல். விலையும் கூடும்.

தண்ணீரைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. சாதாரணப் பையின் மேல் ரெயின் கவர் போடுவது ஒன்று. தையல் போட்ட பையின் உள்ளே தனியாக நீர்புகாப் பை வைப்பது இன்னொன்று. பையையே தையலில்லாமல் வெப்பத்தில் ஒட்டி, வாயைச் சுருட்டி மூடுவது மூன்றாவது.

ரெயின் கவரை இந்தச் சாலைக்கு நம்ப வேண்டாம். எதிர்காற்றில் அது பலூனாகி அவிழும். சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் கீழிருந்து புகுந்து உள்ளேயே தேங்கும். நாலாவைக் கடக்கும்போது தண்ணீர் கீழிருந்துதான் வருகிறது.

சுருட்டி மூடும் பையைச் சைக்கிள்காரர்களிடமிருந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் 1982-இல் தொடங்கிய ஆர்ட்லீப் நிறுவனம், லாரிகளைப் போர்த்தும் தார்ப்பாயைக் கண்டு, அதே துணியில் சைக்கிள் பை செய்து புகழ்பெற்றது. நூல் போகும் ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீருக்கு ஒரு வழி; தையலையே ஒழித்துவிட்டால் அந்த வழி இல்லை. வாயை மூன்று முறையாவது இறுக்கமாகச் சுருட்டினால்தான் மூடியதாகக் கணக்கு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுருட்டலுக்குப் போகும் நீளத்தில் சாமான் வைக்க முடியாது. 25 லிட்டர் என்று போட்டிருக்கும் பையில் மூன்று சுற்றுக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கடையிலேயே சுருட்டிப் பாருங்கள்.

ஆனால் ஒட்டிச் செய்த பையில் கல் குத்தி ஓட்டை விழுந்தால் அதோடு எல்லாம் போயிற்று. ஆகவே என் விருப்பம் இரண்டாவது வழி. வெளியே தடித்த நைலானில், தையலோடு, அடி வாங்கிக்கொள்ளும் ஓடு. உள்ளே மெல்லிய, பளிச்சென்ற நிறத்தில் சுருட்டி மூடும் பை. வெளி ஓடு கிழிந்தாலும் உள்பை தப்பும். உள்பை ஓட்டையானால் அதை மட்டும் மாற்றலாம். இரவு தங்கும்போது புழுதி படிந்த வெளிப்பையை வண்டியிலேயே விட்டுவிட்டு, உள்பையை மட்டும் உருவிக்கொண்டு கூடாரத்துக்குள் போகலாம். வழியில் கூடாரத்தில் தங்கும் சர்ச்சூவில் மைனஸ் குளிரில் பக்கிள்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும். இங்கிலாந்தின் க்ரீகா, அமெரிக்காவின் மோஸ்கோ மோட்டோ முதல் நம் நாட்டு வயாடெரா, ரைனாக்ஸ் வரை பலரும் பைகள் செய்கிறார்கள். பெயரைவிட, உள்பையைத் தனியாக வாங்கக் கிடைக்கிறதா, பக்கிள் உடைந்தால் பக்கிள் மட்டும் தருவார்களா என்று கேளுங்கள். உதிரி கிடைக்கும் நடுத்தரப் பை, உதிரி கிடைக்காத உயர்ந்த பையைவிட எனக்கு உசத்தி.

ஜிப் வேண்டாமா என்றால், முக்கியமான வாயில் வேண்டாம். மோரே சமவெளியின் புழுதி ஜிப்பின் பற்களுக்குள் புகுந்து ஓரிரு நாளில் அதை இறுக்கிவிடும். அவசரத்தில் இழுத்தால் பல் பெயரும். சின்ன வெளிப்பாக்கெட்டுகளுக்கு ஜிப் இருக்கலாம். பல் பெரிதாக, மேலே மூடும் மடிப்போடு இருக்கட்டும். ஒரு பழைய பல்துலக்கியும் மெழுகுவத்தித் துண்டும் கூடவே போகட்டும்.

இனி பட்டி. பையை வாங்குகிறவர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், பட்டியைப் பார்க்க மாட்டார்கள். வண்டியிலிருந்து பை விழுந்த கதைகளை விசாரித்துப் பாருங்கள், பட்டியோ அது தைத்த இடமோதான் விட்டிருக்கும். பட்டி பையில் சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டி போட்டுத் தைத்திருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் ஆகாது. நைலான் பட்டி நனைந்தால் நீளும். காலையில் இறுக்கிக் கட்டியது நாலாவைக் கடந்ததும் தொளதொளவென்றாகும். பாலியெஸ்டர் பட்டி அவ்வளவு நீளாது. பளபளப்பான மலிவான பாலிப்ரொப்பிலீன் பட்டி வெயிலில் நூல் நூலாக உதிரும். ஒவ்வொரு பைக்கும் வண்டியின் சட்டத்தில் குறைந்தது நான்கு பிடிமானம்: முன்னுக்கு இழுக்க ஒன்று, பின்னுக்கு ஒன்று, கீழே ஸ்டேயோடு இரண்டு. இரு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு துணைக்குக்கூட வேண்டாம். கை நழுவினால் கொக்கி கண்ணுக்கு வரும்.

இறுக்கிய பிறகு மிஞ்சும் வால் மிக ஆபத்தானது. காற்றில் அவிழ்ந்து தொங்கும் ஒரு முழப் பட்டி செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் போனால் பின்சக்கரம் அந்த நொடியே நிற்கும். பையில் வாலைச் சுருட்டிச் செருக வளையமோ வெல்க்ரோவோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கியதும் தையல்காரரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் நீளமான பட்டியை வெட்டி, முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள். பட்டி சட்டத்தில் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினால் பெயின்டும் தப்பும், பட்டியும் தப்பும்.

இப்போது கடைக்குப் போகலாம். வண்டியிலேயே, பரப்பிவைத்த சாமானையும் குப்பைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாசலில் உங்கள் சாமானைப் போட்டு, உங்கள் வண்டியில் மாட்டிக் காட்டினால் அவரிடமே வாங்கலாம். நேரில் பார்க்க முடியாமல் வரவழைக்கிறீர்கள் என்றால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதே சோதனையை வீட்டில் செய்துவிடுங்கள். பையைத் தோளில் மாட்டி நூறடி நடந்தும் பாருங்கள். வண்டியை சென்னையிலிருந்து ரயில் பார்சலில் அனுப்புகிறவர்கள் டேங்க்கைக் காலி செய்து வெறும் வண்டியைத்தான் ஒப்படைப்பார்கள். பை உங்களோடுதான் வரும். விமானத்தில் போனால் உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. கருவிகளைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது.

வாங்கிய பிறகு இரண்டு சோதனை. பையில் செய்தித்தாளைக் கசக்கி நிரப்பி, மூடி, தோட்டத்துக் குழாயால் எல்லாப் பக்கமும், முக்கியமாகக் கீழிருந்து, இருபது நிமிடம் அடியுங்கள். காகிதத்தில் ஒரு நனைந்த புள்ளி இருந்தாலும் தெரிந்துவிடும். அடுத்து, முழுச் சுமையோடு ஒரு நாள் ஓட்டம்: சென்னைக்காரர்களுக்கு ஏலகிரி, கோவைக்காரர்களுக்கு வால்பாறை. கொண்டையூசி வளைவும் மோசமான கிராமச் சாலையும் கலந்திருக்கட்டும். முதல் முப்பது கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாப் பட்டியையும் இறுக்குங்கள்; புதுப் பை அதற்குள் படிந்து தளர்ந்திருக்கும். பை பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று அறிய, கட்டும்போதே வண்டியின் மேல் பை விளிம்பை ஒட்டி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது எளிய வழி. வலது பையின் அடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை எடுக்க வைக்கும் சூடு என்றால் வெப்பத் தடுப்பை மாற்றியமைக்க வேண்டும்.

மலையில் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது, இதை ஊரில் சோதிக்க முடியாது. மணாலியில் காற்றுப் புகாமல் மூடிய பை தங்லங் லாவை நெருங்கும்போது உப்பும். அங்கே காற்றழுத்தம் மணாலியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உள்ளே சிறைப்பட்ட காற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்காக விரியும். பட்டிகள் விண்ணென்று இழுபடும், பலவீனமான ஒட்டு பிரியும். அங்கே போய்ப் பட்டியைத் தளர்த்தினால், லேயில் இறங்கும்போது பை சுருங்கித் தொங்கும். காலையில் மூடும்போதே பையின் மேல் முழங்காலை வைத்துக் காற்றை முழுவதும் அமுக்கி வெளியேற்றிவிட்டுச் சுருட்டுங்கள். காற்றுத் திருகு வைத்த பை என்றால் ஏறும்போது ஒருமுறை திறந்து மூடினால் போதும். ஷாம்பு புட்டியையும் இதே காரணத்துக்காகத் தனிப் பாலித்தீனில் போடுங்கள். ஒவ்வொரு பெரிய இறக்கத்துக்குப் பிறகும் நிறுத்தி, நான்கு பிடிமானத்தையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பைக்கென்று ஒரு சின்ன மருந்துப் பெட்டியும் வேண்டும்: வளைந்த ஊசி, மெழுகு தடவிய தடித்த நூல், உதிரி பக்கிள் இரண்டு, நாலைந்து கேபிள் டை, இரண்டு மீட்டர் பட்டி, துணியில் ஒட்டும் தடித்த டேப். எல்லாம் சேர்ந்து கால் கிலோ வராது. அதை டேங்க் பேக்கில் வையுங்கள்; கிழிந்த பையின் அடியில் அது இருந்தால் பயனில்லை. ஊர் திரும்பியதும் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் புழுதியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல், வாயைத் திறந்தபடி காற்றாடும் இடத்தில் மாட்டிவையுங்கள்.